மின்விளக்கு மாற்றும் முறை

இருளைப் போக்கும் விளக்கைத் தமிழர் மங்கலப் பொருளாகப் போற்றி வந்துள்ளனர். ‘விளக்கை அணை’ என்று சொல்லுதல் நன்றன்று எனக் கருதி, ‘விளக்கைக் குளிர வை’ என்று கூறும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. இலக்கண நூலார் இதனை மங்கல வழக்கு என்பர். எண்ணெய் விளக்கு எரிந்த நாளில் திரி தூண்டவும், எண்ணெய் வார்க்கவும், கண்ணாடியில் படிந்த புகையைத் துடைக்கவும் வீட்டில் உள்ளோர் அனைவரும் அறிந்திருந்தனர். மின்விளக்கு வந்தபின் நிலை மாறிற்று. சுவிட்சை அழுத்த எல்லாரும் அறிவர். விளக்குப் பழுதுற்றால் செய்ய வேண்டுவதை அறிந்தவர் சிலரே. எஞ்சியோருள் ஒரு சாரார் சிறு விளக்கை மாற்றவும் அஞ்சி, இருளில் பிறர் வரவை நோக்கியிருப்பர். மற்றொரு சாரார் அஞ்ச வேண்டிய இடத்திலும் அஞ்சாது கை நீட்டுவர். இவ்விரண்டும் குறையே. செய்யத்தக்கது இது, செய்யத்தகாதது இது என்று பகுத்தறிந்து செய்வதே முறை.

திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதியின் வளத்தால் வாழையும் நெல்லும் செழிக்கும் ஊர் படவேடு. முன்னாளில் சம்புவராயர் தலைநகராய் விளங்கிய இவ்வூர் இந்நாளில் ரேணுகாம்பாள் திருக்கோயிலால் பெயர் பெற்றுத் திகழ்கிறது. பட்டு நெசவால் புகழ் பெற்ற ஆரணி இதற்குக் கிழக்கே உள்ளது. ஆரணி வட்டாரத்தில் தறியோசை கேட்கும் இல்லங்கள் பல. அவ்வில்லங்களில் விளக்கு வெறும் வசதிப் பொருள் அன்று, அது தொழிற்கருவி. மயிரினும் நுண்ணிய பட்டிழை அறுந்தால் அதனைக் கண்டு முடிச்சிடுவதற்கும், அரக்கு நிறத்தையும் வாடாமல்லி நிறத்தையும் பிரித்தறிவதற்கும் நல்ல ஒளி வேண்டும். தறியின் மேல் தொங்கும் விளக்கு நின்றால் நாடா நிற்கும். நாடா நின்றால் அன்றைய கூலியும் நிற்கும்.

அத்தகைய இல்லம் ஒன்றை மனத்திற் கொள்க. திருமணத்திற்கென நெய்யும் புடவை முடியும் நிலையில் உள்ளது. மாலை மங்குகிறது. தறியின் மேல் எரிந்த விளக்கு இரு முறை கண்சிமிட்டி நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மகன் விரைந்து சென்று சுவிட்சை நிறுத்துகிறான். புதிய விளக்கை ஒரு கையில் எடுத்துக்கொண்டு தறிமரத்தின் மீது காலை வைக்கிறான். தந்தை அவனைத் தடுத்து, “இறங்கு, தம்பி” என்கிறார். “சுவிட்சை நிறுத்திவிட்டேனே, அப்பா” என்கிறான் மகன். “சுவிட்சு நின்றது சரி, மின்சாரம் நின்றதா?” என்று கேட்கிறார் தந்தை.

அவ்வினா மிகவும் பொருளுடையது. வீட்டு விளக்கிற்கு இரண்டு கம்பிகள் செல்கின்றன. ஒன்று மின்னழுத்தம் உடையது. மற்றொன்று மின்னோட்டம் திரும்பும் வழியாய் அமைவது. முன்னதைப் பேஸ் என்றும் பின்னதை நியூட்ரல் என்றும் மின்பணியாளர் வழங்குவர். சுவிட்சு, பேஸ் கம்பியின் இடையிலேயே அமைதல் வேண்டும். அவ்வாறு அமைந்தால், சுவிட்சை நிறுத்தியதும் விளக்கின் ஹோல்டர் மின்னழுத்தம் இன்றி நிற்கும். ஆனால் பழைய வீடுகளிலும், முறையறியாதார் கம்பி இழுத்த இடங்களிலும், சுவிட்சு நியூட்ரல் கம்பியில் அமைந்திருத்தல் உண்டு. அங்கும் சுவிட்சை நிறுத்தினால் விளக்கு நிற்கும். ஆயினும் ஹோல்டரில் மின்னழுத்தம் நீங்காது. அதனைத் தொட்டவன் உடல் வழியே மின்சாரம் நிலத்தை நோக்கிப் பாயும். சுவிட்சை நிறுத்திய பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுங்குமாயின், இக்குறை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பது ஒன்று. மின்சாரம் இல்லை என்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை உணராமையே விபத்துகள் பலவற்றிற்கு வித்தாகிறது.

விளக்கிற்கு வேண்டிய மின்சாரம் சிறிது என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. இந்திய இல்லங்களுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. பழைய 60 வாட் குண்டு விளக்கில் ஓடும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சுகளை வீடுகளில் அமைக்குமிடத்து, 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே அவை செயற்படுமாறு வகுத்துள்ளனர். அதனினும் மிக்க மின்னோட்டம் மார்பின் வழியே பாய்ந்தால் இதயத்தின் துடிப்பு நிலைகுலையக்கூடும் என்பதே அதன் காரணம். 60 வாட் விளக்கில் ஓடும் மின்னோட்டத்தில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே.

‘பியூஸ் காக்கும்’ என்பதும் பொய்யான துணிவே. பியூஸ் கம்பியும், அதன் இடத்தில் இந்நாளில் அமையும் எம்.சி.பி. என்னும் சுவிட்சும், பெரும்பாலும் பல ஆம்பியர் அளவினவாகும். கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமற் காப்பதே அவற்றின் பணி. மனிதன் உயிருக்கு இடையூறு செய்யும் சிறிய மின்னோட்டத்தை அவை பொருட்படுத்துவதில்லை. மின்கசிவை உணரும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சுவிட்சே மனிதனைக் காக்க அமைந்தது. அதுவும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒருவன் இரு கைகளால் அகப்பட்டுக்கொண்டால் உதவாமற் போகலாம். ஆதலின் எக்காப்பும் கவனத்திற்கு ஈடாகாது.

விளக்கை வீட்டார் தாமே மாற்றுதல் முறைதானா என்னும் ஐயம் எழலாம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 45ஆம் விதி இதற்கு விடை கூறிற்று. புதிய கம்பியமைப்பு, மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல் ஆகிய பணிகளை உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்தல் வேண்டும் என்பது அவ்விதி. ஆயினும் விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு, இருந்தவற்றிற்கு ஈடாக மாற்றுவதற்கு அது விலக்கு அளித்தது. 2010ஆம் ஆண்டில் அவ்விதிகளுக்கு மாற்றாக வந்த ஒழுங்குமுறைகளும் இவ்வரம்பைப் போற்றின. பழுதுற்ற விளக்கின் இடத்தில் ஒத்த விளக்கை இடுவது வீட்டார்க்கு உரியது; இல்லாத இடத்தில் புதிய விளக்கமைக்கக் கம்பி இழுப்பது உரிமம் பெற்றவர்க்கு உரியது. இவ்வரம்பை நினைவில் நிறுத்துதல் நலம்.

இனி, விளக்கு மாற்றும் முறையை நிரலே காண்போம். விளக்கு எரியவில்லை எனின், முதற்கண் காரணத்தை ஆராய்க. பிற அறைகளிலும் விளக்கு எரியவில்லையா? அண்டை வீட்டிலும் இருளா? எங்கும் இருளாயின் குற்றம் விளக்கினுடையது அன்று. மின்தடை நேர்ந்த பொழுதில், ‘இப்பொழுது மின்சாரம் இல்லையே’ என்று விளக்கை மாற்றப் புகுதல் பெரும்பிழை. மின்சாரம் எக்கணத்திலும் மீளும். ஒரு விளக்கு மட்டும் எரியாதிருப்பின் அவ்விளக்கே பழுதுற்றிருத்தல் கூடும்.

அடுத்து, பகலொளி உள்ள வேளையையே இப்பணிக்குத் தேர்ந்துகொள்க. இரவில் நேரின் கைவிளக்கு ஒன்றை ஆயத்தம் செய்துகொள்க. விளக்கின் சுவிட்சை நிறுத்தி, அதன்பின் மெயின் சுவிட்சையும் நிறுத்துக. இன்வெர்ட்டர் உள்ள வீடாயின் அதனையும் நிறுத்துதல் வேண்டும். மெயினை நிறுத்திய பின்னும் இன்வெர்ட்டரின் மின்கலம் விளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பியூஸ் கட்டை உள்ள இடத்தில், மெயினை நிறுத்தியபின் அக்கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுதல் சிறந்தது. கட்டை கையில் இருக்கும்வரை, அறியாமல் வந்த எவரும் இணைப்பை மீட்டல் இயலாது. எம்.சி.பி. ஆயின், அதனருகே ஒருவரைக் காவல் நிறுத்துக. மெயினை நிறுத்தினும், மின்கணக்கிக்கும் அதற்கு வெளியே உள்ள கம்பிகளுக்கும் மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும். மின்வாரியத்தார் முத்திரையிட்ட அப்பகுதியில் கை வைத்தலாகாது.

மின்சாரம் நீங்கியதைச் சோதித்து உறுதி செய்தல் மூன்றாம் படி. இதற்கு உதவுவது டெஸ்டர் என்னும் சிறு கருவி. மெயினை நிறுத்துவதற்கு முன்னரே, எரியும் இணைப்பு ஒன்றில் வைத்து அது ஒளிர்வதைக் கண்டுகொள்க. பின்னர் ஹோல்டரில் வைத்துப் பார்க்கும்பொழுது அது ஒளிராதிருத்தல் வேண்டும். பழுதுற்ற டெஸ்டரும் ஒளிராது. ஆதலின் மீண்டும் மின்சாரம் தந்தபின் ஒரு முறை அதனைச் சோதித்தலும் நன்று. டெஸ்டரைக் கையாளுதல் வீட்டுப் பெரியோர்க்கே உரியது. மாணவர் இம்முறையைக் கற்றுக்கொள்ளலாம். மெயினை நிறுத்துதலும் விளக்கை மாற்றுதலும் பெரியோர் உடனிருந்து நடத்தும் பணிகளே.

நிற்கும் இடமும் கருதத்தக்கது. உலர்ந்த, ஆடாத மர முக்காலியோ மர ஏணியோ வேண்டும். இரும்பு நாற்காலியும் ஈரத்தரையும் ஆகா. தறியின் மரங்கள் ஏறி நிற்பதற்கு அமைந்தவை அல்ல. கால் வழுவினால் உடலும் கெடும், பாவில் ஓடும் இழைகளும் அறும். கை உலர்ந்திருத்தல் வேண்டும். உலர்ந்த ரப்பர் செருப்பு அணிதல் நன்று. சற்று முன்வரை எரிந்த குண்டு விளக்குக் கையைச் சுடும். அது ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இந்திய இல்லங்களில் பெரிதும் வழங்கும் விளக்கின் அடிப்பகுதியில் இரு சிறு முளைகள் உண்டு. அவை ஹோல்டரின் பிளவுகளில் அகப்பட்டு நிற்கும். விளக்கை மேல்நோக்கி மெல்ல அழுத்தி, கீழிருந்து நோக்க இடப்புறமாகச் சிறிது திருப்பினால் முளைகள் விடுபடும். விளக்குக் கீழே இறங்கும். புதிய விளக்கை அவ்வாறே அழுத்தி வலப்புறம் திருப்பினால் அது பொருந்தும். திருகுமரை உள்ள விளக்கை இடப்புறம் சுழற்றிக் கழற்றுக. வலப்புறம் சுழற்றிப் பொருத்துக. எதனையும் வலிந்து முறுக்குதல் கூடாது. கண்ணாடி உடைந்து அடிப்பகுதி மட்டும் ஹோல்டரில் எஞ்சுமாயின், வெறுங்கையால் அதனைப் பற்றலாகாது. மெயினை நிறுத்தி, மின்கடத்தாக் கைப்பிடி உடைய குறட்டினால் பற்றி எடுத்தல் வேண்டும். கீழே பாவு விரிந்திருப்பின் முன்னரே தடித்த துணியால் மூடுக. கண்ணாடித் துணுக்கு பட்டிழையை அறுக்கும்.

புதிதாக எவ்விளக்கை வாங்குவது என்பதும் ஆராயத்தக்கது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடிசன் கரியிழை விளக்கை நெடுநேரம் எரியச் செய்து காட்டினார். அக்காலத்திலேயே இங்கிலாந்தில் ஸ்வான் என்பாரும் இத்தகைய விளக்கை அமைத்தார். பின்னர்க் கரியிழையின் இடத்தை டங்ஸ்டன் இழை பெற்றது. இழை சூடேறி ஒளிரும் அவ்விளக்கில், செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே ஒளியாகும், எஞ்சியது வெப்பமாகும். நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அந்நீல ஒளியை அடிப்படையாகக் கொண்டே வெண்ணிற எல்.இ.டி. விளக்குப் பெருகிற்று. 60 வாட் குண்டு விளக்குத் தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரித்தால், திங்கள் முப்பது நாளில் முன்னது 9 யூனிட்டும் பின்னது ஒன்றரை யூனிட்டுக்குக் குறைவாகவும் செலவிடும்.

ஆதலின் வாட் அளவைக் கொண்டு ஒளியை மதித்தல் இந்நாளில் பொருந்தாது. ஒளியின் அளவைக் காட்டுவது உறையின்மேல் அச்சிட்ட லூமென் என்னும் எண். ஒளியின் நிறத்தைக் காட்டுவது கெல்வின் எண். 2700 கெல்வின் மஞ்சள் சார்ந்தது, 6500 கெல்வின் நீலம் சார்ந்த வெண்மை. பட்டு நெய்வோர் கருத வேண்டிய எண் மற்றொன்று உண்டு. பொருள்களின் நிறத்தை விளக்கு எத்துணை உண்மையாகக் காட்டும் என்பதை அளக்கும் அவ்வெண்ணைச் சி.ஆர்.ஐ. என்பர். அதன் உயர்ந்த அளவு 100. 90க்கு மேற்பட்ட விளக்கின்கீழ் மயில்கழுத்து நிறமும் அரக்கும் தம் இயல்பில் தோன்றும். குறைந்த விளக்கின்கீழ் நெருங்கிய இரு நிறங்கள் ஒன்றுபோல் மயக்கும். விடிந்தபின் பிழை புலப்படும். இரவில் நெய்த பட்டைப் பகலில் கண்டு வருந்தாதிருக்க இவ்வெண் துணையாகும். ஹோல்டரின்மேல் அல்லது விளக்குக் கூண்டின்மேல் குறித்த வாட் அளவிற்கு மிகுந்த விளக்கை இடுதல் எக்காலத்தும் கூடாது. வெப்பம் மிகுந்து கம்பியின் உறை உருகும்.

குழல்விளக்கு, அதாவது டியூப் லைட், வேறு தன்மையது. அது மினுமினுத்து எரியாதிருப்பின், குற்றம் குழலில் இருக்கலாம்; ஸ்டார்ட்டர் என்னும் சிறு டப்பியிலும் இருக்கலாம். மெயினை நிறுத்திய பின், குழலை இரு முனைகளிலும் பற்றிக் கால் வட்டம் சுழற்றினால் முனைக்கம்பிகள் பிளவின் வழியே வெளிவரும். அக்குழலுள் பாதரச ஆவி உண்டு. குழல் உடைந்தால் குழந்தைகளை அகற்றிச் சன்னல்களைத் திறந்து, சற்று நேரம் கழித்து, துணுக்குகளைத் தடித்த அட்டையால் திரட்டி, நுண்தூளை ஈரத்தாளால் ஒற்றி எடுத்து மூடிய கலத்தில் இடுக. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் எங்கும் பரவும். பழைய சட்டத்தில் எல்.இ.டி. குழலை இடுவோர் அதன் உறையில் கண்ட இணைப்புப் படத்தைப் படித்தறிதல் வேண்டும். சில வகைக்குச் சோக்கை நீக்கிக் கம்பியை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அப்பணி மின்பணியாளர்க்கே உரியது.

ஹோல்டரே பழுதுற்றால், தேர்ந்த பெரியவர் அதற்கு ஒத்த புதிய ஹோல்டரை மாற்றலாம். மின்சாரத்தை முற்றும் நீக்கிச் சோதித்தபின், எக்கம்பி எத்திருகில் இருந்தது என்று குறித்துக்கொள்க. கம்பியின் நுனியிழைகளை ஒன்றாக முறுக்கித் திருகின் அடியில் அடக்குக. ஓர் இழையும் வெளியே நீட்டி நிற்றல் கூடாது. உலோகக் கூண்டு உடைய விளக்காயின் பச்சைக் கம்பியாகிய நிலத்தொடுப்பை அதனோடு இணைத்தல் இன்றியமையாதது. தொங்கும் விளக்கின் பாரத்தைத் திருகுகள் தாங்குதல் தகாது. ஹோல்டரின் மூடியில் உள்ள பிடிப்பே தாங்குமாறு அமைக்க வேண்டும். தறியின் அதிர்ச்சியால் நாள்தோறும் ஆடும் விளக்கிற்கு இது பெரிதும் பொருந்தும்.

சில அறிகுறிகளைக் கண்டால் பணியை நிறுத்தி மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். ஹோல்டர் கருகியிருத்தல், கம்பியின் உறை கையில் பொடிந்து உதிர்தல், சுவரில் ஈரம் ஊறுதல், சுவிட்சில் தீப்பொறி தோன்றுதல், புதிய விளக்கும் விரைவில் பழுதுறுதல் ஆகியன அவை. எவரேனும் மின்சாரத்தில் அகப்பட்டால், அவரை நேரே தொடுதல் ஆகாது, தொட்டவரும் அகப்படுவர். முதலில் மெயினை நிறுத்துக. அது கூடாதவிடத்து, உலர்ந்த பொருளின்மேல் நின்று உலர்ந்த மரக்கழியால் கம்பியை அகற்றி, உடனே 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

மேற்கூறிய இல்லத்தில் தந்தை மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் பையில் இடுகிறார். மகன் கைவிளக்கைப் பிடிக்கிறான். தந்தை டெஸ்டரை வைத்துச் சோதிக்கிறார். பின்பு மர முக்காலியில் ஏறி விளக்கை மாற்றுகிறார். எல்லாம் முடிய ஐந்து நிமிடமே ஆயிற்று. மகன் தறிமரத்தில் ஏறி மாற்றியிருப்பின் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அல்லது அவ்வீட்டின் விளக்கே நின்றிருக்கும். கட்டையை மீண்டும் இட்டு மெயினைத் தந்ததும் ஒளி தறியின்மேல் விழுகிறது. நின்ற நாடா மீண்டும் ஓடுகிறது. அறுந்த இழையைத் தேடி முடிச்சிடும் பொறுமை உடைய நெசவாளர்க்கு, மின்சாரம் நின்றதா என்று ஒரு முறை சோதித்தறியும் பொறுமை அரிதன்று. அப்பொறுமையை இளமையிலேயே பழகிக்கொள்ளுதல் மாணவர் கடமையாகும்.